ஓர் அங்குலத்தில் பறிபோகும் கூரை!

அமெரிக்காவில் வடக்கு கரோலினா மாநிலத்தில் டர்ஹம் என்று ஒரு நகரம். அந்த நகரில் கிரெக்சன் தெருவின் குறுக்கே ஒரு பழைய ரெயில்வே பாலம் இருக்கிறது.

மேலே ரெயில் போகும். கீழே மோட்டார்கள் போகும்.

அந்தப் பாலத்துக்கு ஊரார் வைத்த பட்டப்பெயர் என்ன தெரியுமா? "டப்பா திறப்பான்!"

தகர டப்பாவின் மூடியைச் சீவி எடுப்பதுபோல, அடியில் நுழையும் உயரமான வண்டிகளின் கூரையை அது சீவி எடுத்துவிடும். அதனால் வந்த பெயர்.

பாலத்தின் அருகே வேலை பார்த்த ஒருவர், 2008-ம் ஆண்டில் அதைப் பார்த்தபடி ஒரு காமிராவை வைத்தார். 2019-ம் ஆண்டுக்குள் நூறுக்கும் மேற்பட்ட மோதல்கள் அதில் பதிவாகிவிட்டன. பெரும்பாலும் வாடகை லாரிகள். நடுவே காற்றுவாங்கப் புறப்பட்ட குடும்பங்களின் வண்டிவீடுகளும் உண்டு!

எச்சரிக்கை இல்லையா?

இருந்தது. நிறையவே இருந்தது. "11 அடி 8 அங்குலம்" என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள். முன்கூட்டியே பலகைகள் வைத்திருந்தார்கள். பாலம் சேதப்படாமல் இருக்க, அதற்கு முன்னால் ஒரு கனமான இரும்பு உத்திரத்தைக் குறுக்கே நிறுத்தினார்கள். கூரைகளைச் சீவியது அந்த உத்திரந்தான்.

2016-ம் ஆண்டில் இன்னொரு ஏற்பாடும் வந்தது. உயரமான வண்டி வந்தால் ஒரு கருவி கண்டுபிடிக்கும். உடனே சிவப்பு விளக்கு எரியும். "உயரம் அதிகம், திரும்பிப் போ" என்று எழுத்துக்கள் ஒளிவிடும்.

அப்படியும் மோதினார்கள்!

"பாலத்தை உயர்த்தினால் என்ன?" என்று கேட்கலாம். உயர்த்தினால் இரு பக்கமும் தண்டவாளத்தை உயர்த்த வேண்டும். பக்கத்தில் ரெயில்வே கேட்டுகள் இருக்கின்றன. "சரி, சாலையைத் தோண்டித் தாழ்த்தலாமே?" அதற்கும் வழி இல்லை. சாலைக்கு நேர் அடியில் ஊரின் பெரிய சாக்கடைக் குழாய் போகிறது.

அந்த டிரைவர்கள் குருடர்கள் அல்ல. பலகையில் உள்ள எண்ணைப் படிக்கத் தெரிந்தவர்கள்தான். தெரியாதது வேறு எண். தங்கள் வண்டியின் உயரம் எத்தனை அடி என்பது அவர்களுக்குத் தெரியாது!

காருக்குப் பின்னால் ஒரு வீடு

அமெரிக்காவில் விடுமுறை வந்தால் ஏராளமான குடும்பங்கள் வீட்டோடு கிளம்பிவிடும். காரின் பின்னால் ஒரு டிரெய்லரைக் கட்டி இழுத்துச் செல்வார்கள். அதற்குள் கட்டில் இருக்கும். அடுப்பு இருக்கும். குளிக்கும் அறையும் இருக்கும். இதற்கு டிராவல் டிரெய்லர் என்று பெயர்.

அப்பா வாரம் முழுவதும் ஓட்டுவது சாதாரண கார். அதன் உயரம் ஐந்தடி. பாலத்தைப் பற்றி அவர் நினைத்துப் பார்க்க வேண்டிய தேவையே வந்ததில்லை. இந்த ஒரு வாரம் மட்டும், அவர் முதுகுக்குப் பின்னால் பத்து, பதினோரு அடி உயரத்தில் ஒரு வீடு வருகிறது. பிக்கப் லாரியின் முதுகில் ஏற்றிப் பூட்டும் பெரிய ரக டிரெய்லர்கள் இன்னும் உயரம். அவை 13 அடியைக்கூட எட்டும்.

லாரி டிரைவருக்கு இது தினசரிப் பாடம். அப்பாவுக்கோ ஆண்டுக்கு ஒரு முறை வரும் பரீட்சை!

புத்தகம் சொல்லும் உயரம்

"டிரெய்லர் வாங்கும்போது கொடுத்த புத்தகத்தில் உயரம் போட்டிருக்கிறதே!" என்பார்கள்.

போட்டிருக்கிறது. ஆனால் அது எதன் உயரம்? சில புத்தகங்களில் கூரைவரை உள்ள உயரம் மட்டும் இருக்கும். கூரைமேல் உட்கார்ந்திருக்கும் குளிர்சாதனப் பெட்டி அந்தக் கணக்கில் சேராது. அந்தப் பெட்டி ஏறக்குறைய ஓரடி உயரம் இருக்கும்.

ஒரு கணக்குப் பாருங்கள். புத்தகத்தில் 10 அடி 9 அங்குலம் என்று இருக்கிறது. மேலே ஓரடிப் பெட்டி. மொத்தம் 11 அடி 9 அங்குலம். பாலத்தின் பலகையில் 11 அடி 8 அங்குலம்.

புத்தகத்தை நம்பினால் கிட்டத்தட்ட ஓரடி இடைவெளி மிச்சம். உண்மையிலோ ஓர் அங்குலம் இடிக்கிறது!

பெட்டி பிய்த்துக்கொண்டு போனால், கூரையில் 14 அங்குலச் சதுரத்தில் ஓர் ஓட்டை இருக்கும். அந்த அளவு ஓட்டை வெட்டித்தான் பெட்டியைப் பொருத்துகிறார்கள். அன்று மழை பெய்தால் கட்டிலும் மெத்தையும் நனையும். அதோடு போகாது. பலகைக்குள் இறங்கிய தண்ணீர் உள்ளேயே நின்று மரத்தை உளுக்கச் செய்யும். இவை பொருள் நஷ்டம். பிய்ந்த பெட்டி பின்னால் வரும் காரின் கண்ணாடிமேல் விழுந்தால்? அந்தக் காரில் இருப்பவர்கள் என்ன பாவம் செய்தார்கள்?

கொத்தனாரின் முறை

உயரத்தை அளக்க ஒரு மணி நேரம் போதும். இரண்டு பேர் வேண்டும். ஓர் ஏணி, நீளமான நேர்ப்பலகை, ரசமட்டம், அளவு நாடா. இவ்வளவுதான்.

முதலில் டிரெய்லரைச் சமதளத்தில் நிறுத்த வேண்டும். சிமெண்டுத் தரை நல்லது. மண் தரையில் சக்கரம் சற்றுப் புதையும், கணக்குக் கெடும். இழுக்கும் காரில் பூட்டிய நிலையிலேயே அளப்பது அவசியம். தனியாகக் கால் ஊன்றி நிற்கும்போது ஓர் உயரம். காரில் பூட்டியதும் மூக்கு ஏறும், அல்லது இறங்கும். அப்போது உயரம் வேறு.

பிறகு கூரையில் எது எல்லாவற்றையும்விட உயரமாக நிற்கிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் குளிர்சாதனப் பெட்டிதான். ஆனால் மூக்கு தூக்கி நிற்கும் வண்டியில், முன்பக்கம் உள்ள சின்னக் காற்றுப்போக்கி மூடி பெட்டியைவிட மேலே இருக்கலாம்! கண்ணால் பார்த்து முடிவு கட்டக் கூடாது.

நேர்ப்பலகையை அந்த உயரமான இடத்தின்மேல் குறுக்கே வைக்க வேண்டும். பலகையின் ஒரு முனை டிரெய்லரின் பக்கச் சுவரைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். பலகைமேல் ரசமட்டம் வைத்து, குமிழி நடுவில் நிற்கும்படி சரி செய்ய வேண்டும். நீட்டிய முனையின் அடிப்பக்கத்திலிருந்து தரைவரை நாடாவை நேராகத் தொங்கவிட்டால் உயரம் தெரிந்துவிடும். வீடு கட்டும் கொத்தனார் அன்றாடம் செய்கிற வேலைதான். காற்று அடிக்கிற நாளில் நாடா ஆடும். நுனியில் தூக்குக்குண்டு கட்டினால் ஆடாது.

கூரைமேல் ஏறி நடப்பதைத் தவிர்ப்பது நல்லது. ரப்பர் விரித்த கூரைகள் பனி ஈரத்தில் வழுக்கும். ஏணியில் நின்றே இந்த வேலையை முடிக்கலாம்.

போகும்போது போயிற்று, வரும்போது மோதிற்று!

ஒரே டிரெய்லருக்கு எப்போதும் ஒரே உயரம் என்று நினைக்கக் கூடாது.

சுமை ஏறினால் வில்கள் அமுங்கும், வண்டி தாழும். சுமை இறங்கினால் வண்டி எழும்பும். 40 காலன் தண்ணீர்த் தொட்டி நிறைந்திருந்தால் அந்தத் தண்ணீர் மட்டும் 330 பவுண்டு எடை. போகும்போது தொட்டி நிறையத் தண்ணீர், பெட்டி நிறைய அரிசி, பருப்பு, ரொட்டி. திரும்பும்போது எல்லாம் காலி. டயர்களில் காற்றும் முறுக்காக இருந்துவிட்டால் கூரை மேலும் சற்று உயரும். போகும்போது தலைமுடி அளவில் தப்பித்த பாலம், திரும்பும்போது இடிக்கும். ஆகவே காலி வண்டியில், டயரில் முழுக் காற்றோடு அளந்த கணக்கே நம்பக்கூடிய கணக்கு.

சிலர் கரடுமுரடான பாதைக்கு வசதியாக அச்சை வில்லுக்கு அடியில் மாற்றிப் பூட்டி, வண்டியைத் தூக்கிவிடுகிறார்கள். அடியில் 4, 5 அங்குலம் கிடைக்கும். அதே 4, 5 அங்குலம் உச்சியிலும் ஏறிவிட்டது என்பது பலருக்கு மறந்துபோகிறது. கூரையில் பிறகு பொருத்திய சூரிய வெளிச்சப் பலகை, கட்டி வைத்த படகு, புதிதாக மாற்றிய குளிர்சாதனப் பெட்டி எல்லாமே இப்படித்தான். ஒன்று மாறினாலும் மறுபடி அளக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட வேடிக்கை, டெலிவிஷன் ஏரியல்! பல டிரெய்லர்களில் அதை உள்ளே இருந்தபடியே ஒரு கைப்பிடியைச் சுற்றி உயர்த்தலாம். இரவு படம் பார்ப்பார்கள். காலையில் அதை இறக்காமலே கிளம்பிவிடுவார்கள். பாலம்வரை போக வேண்டாம். முதல் மரக்கிளையே போதும். மறக்காமல் இருக்கச் சிலர் துணி கவ்வும் கிளிப் ஒன்றைக் காரின் ஸ்டீயரிங்கில் மாட்டி வைக்கிறார்கள். நம் ஊர்ப் பெண்கள் ஞாபகத்துக்காகப் புடவைத் தலைப்பில் முடிச்சுப் போடுவதில்லையா? அதேதான்!

எந்தச் சாலையில் ஆபத்து?

பெரிய நெடுஞ்சாலைகளில் பயம் குறைவு. 1956-ம் ஆண்டுச் சட்டத்தின்பேரில் பெருமளவில் எழுந்த தேசிய நெடுஞ்சாலைகளில், கிராமப்புறப் பாலங்களுக்கு 16 அடி இடைவெளி விதி. நகரங்களுக்குள் சில இடங்களில் 14 அடி.

வண்டியின் உயரத்துக்கும் சட்டம் உண்டு. பல மாநிலங்களில் 13 அடி 6 அங்குலம் எல்லை. மேற்கு மாநிலங்கள் பலவற்றில் 14 அடி. சட்டத்துக்கு உட்பட்ட வண்டி என்பதால் எல்லாப் பாலத்திலும் நுழைந்துவிடலாம் என்று அர்த்தமல்ல. டர்ஹம் பாலத்துக்குச் சட்டம் தெரியாது!

பெட்ரோல் போட நெடுஞ்சாலையைவிட்டு இறங்கி, பழைய ஊருக்குள் திரும்பும் நேரந்தான் பொல்லாத நேரம். லாரிகளே இல்லாத காலத்தில் கட்டிய ரெயில் பாலங்கள் அங்கேதான் இருக்கின்றன. பெட்ரோல் நிலையத்தின் கூரையும் ஒரு பாலம் மாதிரிதான்.

கனெக்டிகட் மாநிலத்தில் மெரிட் பார்க்வே என்ற அழகான சாலை, 1938 முதல் 1940 வரை பகுதி பகுதியாகத் திறக்கப்பட்டது. கார்களுக்கென்றே போட்ட சாலை. 8 அடிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு அங்கே இடமில்லை. எந்த டிரெய்லருக்கும் அனுமதி இல்லை. பாஸ்டன் நகரின் ஸ்டாரோ சாலையிலும் இதே கதை. அங்கே "10 அடி, கார்கள் மட்டும்" என்று எழுதியிருந்தும் ஒவ்வொரு செப்டம்பர் முதல் தேதியும் திருவிழாதான். அன்று பல வீடுகளின் வாடகை ஒப்பந்தம் மாறும். சாமான் ஏற்றிய வாடகை லாரிகள் வழி தெரியாமல் அந்தச் சாலையில் நுழைந்து மாட்டிக்கொள்ளும். ஊரார் இந்த விபத்துக்கு அந்தச் சாலையின் பெயரையே வைத்துவிட்டார்கள்!

வளைவுப் பாலத்தில் இன்னொரு சூட்சுமம். நடுவில் உயரம், ஓரத்தில் தாழ்வு. ஓரமாக ஓட்டினால் கூரையின் மூலை இடிக்கும். பாலத்தின் அடியில் சாலை பள்ளமாக இறங்கி ஏறினால் நீளமான வண்டிக்கு அதுவும் சோதனை. முன் சக்கரம் இந்த மேட்டில், பின் சக்கரம் அந்த மேட்டில். நடுக்கூரை பலகை சொன்ன கணக்கை மீறி மேலே நெருங்கும். பழைய சாலைமேல் புதிதாகத் தார் போட்டாலும் இடைவெளி சில அங்குலம் குறையும். அதனால்தான் அனுபவசாலிகள் அளந்த உயரத்தோடு ஆறு அங்குலம் கூட்டிக்கொண்டு, அதையே தங்கள் உயரமாக வைத்துக்கொள்கிறார்கள்.

எல்லை தாண்டிக் கனடாவுக்குள் போனால் பலகையில் அடி இருக்காது, மீட்டர் இருக்கும். "3.5 மீட்டர்" என்றால் ஏறக்குறைய 11 அடி 6 அங்குலம். பாலத்தை நெருங்கும் நேரத்தில் பெருக்கல் போட முடியுமா? இரண்டு கணக்கையும் முன்பே எழுதிக்கொள்வதே வழி.

எங்கே எழுதுவது?

டைரியில் எழுதிப் பயனில்லை. டிரைவரின் கண்ணெதிரே ஒட்ட வேண்டும். பிரிட்டனில் மூன்று மீட்டருக்கு மேல் உயரமான லாரிகளில், டிரைவர் பார்க்கும் இடத்தில் உயரத்தை எழுதி வைக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அமெரிக்கக் குடும்பத்தை யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. ஒரு துண்டுக் காகிதமும் பசையும் போதும். பக்கத்தில் உட்காரும் மனைவிக்கும் அந்த எண் தெரிந்திருந்தால் இன்னும் நல்லது. இரண்டு கண்களைவிட நான்கு கண்கள் மேல்.

காருக்கென்று செய்த வழிகாட்டிக் கருவியை நம்பக் கூடாது. பின்னால் வீடு வருவது அதற்குத் தெரியாது! உயரத்தைக் கேட்டு வாங்கி, அதற்கேற்ற வழியைச் சொல்லும் கருவிகள் தனியே விற்கின்றன. லாரி டிரைவர்களுக்காக ராண்ட் மக்னாலி நிறுவனம் வெளியிட்டுவரும் சாலைப்படப் புத்தகத்தில் தாழ்ந்த பாலங்களின் பட்டியலே உண்டு.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு தாழ்ந்த பாலத்தின் முன்னால் போய் நின்றுவிட்டால்? நின்றுவிட்டதே பெரிய வெற்றி. அபாய விளக்குகளைப் போட்டு, ஒருவர் இறங்கிப் பின்னால் வரும் வண்டிகளை நிறுத்த வேண்டும். போலீசுக்குப் போன் செய்தால் வந்து வழி ஒதுக்கிக் கொடுப்பார்கள். பின்னால் ஹாரன் அடிக்கிறவர்களுக்குப் பயந்து "போய்த்தான் பார்ப்போமே" என்று நுழைந்தவர்களின் கூரைகள்தான் டர்ஹம் தெருவில் கிடந்தன.

நுழைந்து மாட்டிக்கொண்டால், டயரில் காற்றை இறக்கி வண்டியைத் தாழ்த்திப் பின்னுக்கு இழுப்பார்கள். மேலே ரெயில் பாதை இருந்தால் உடனே தகவல் சொல்லியாக வேண்டும். பாலம் அசைந்ததா என்று பார்த்த பிறகே ரெயில் போகலாம்.

டர்ஹம் பாலம் என்ன ஆயிற்று?

2019-ம் ஆண்டு அக்டோபரில் ரெயில்வேக்காரர்கள் மனம் வைத்தார்கள். இரு பக்கமும் தண்டவாளத்தைச் சரிசெய்து பாலத்தை 8 அங்குலம் தூக்கினார்கள். "12 அடி 4 அங்குலம்" என்று புதிய பலகை வந்தது. டப்பா திறப்பானின் கதை முடிந்தது என்று ஊரார் பேசிக்கொண்டார்கள்.

சில வாரங்கள்தான் ஆயின. ஒரு லாரி வந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. எழுத்துக்கள் ஒளிவிட்டன.

'டமார்!'

காமிரா அதையும் படம் பிடித்தது.