நிமிர்ந்த தாள், படுத்த தாள்

ஸ்ரீரங்கத்து வைகுண்ட ஏகாதசிக்கு ஒரு நிகழ்ச்சி நிரல் தயாரிக்கிறீர்கள். முதல் பக்கம் அழைப்பு. தாள் நிமிர்ந்திருக்க வேண்டும். அடுத்தது பகல் பத்து, இராப் பத்து நாள்களின் புறப்பாட்டு நேரம், எழுந்தருளும் மண்டபம், சேவை நேரம் எல்லாம் அடங்கிய அட்டவணை. தாள் படுத்திருந்தால்தான் பத்திகள் கொள்ளும். முன்னது போர்ட்ரெய்ட், பின்னது லேண்ட்ஸ்கேப்.

ஆண்டுதோறும் இதே வேலை என்பதால், திருச்சியில் டிடிபி செய்பவர் ஒருவர் இதை வேர்டில் மேக்ரோவாகப் பதிந்து வைத்திருக்கலாம். செய்த வேலைகளை அதே வரிசையில் திரும்பச் செய்யும் சிறு நிரல்தான் மேக்ரோ. ஆனால் பிரிண்ட் எடுத்தால் அழைப்பும் படுத்து வரும். அல்லது அட்டவணையின் வலது ஓரம் வெட்டுப்படும். பழி பிரிண்டர்மேல் விழும்.

பிரிண்டர் தாளைத் திருப்புவதே இல்லை. 210 மி.மீ. அகலமும் 297 மி.மீ. நீளமும் உள்ள ஏ4 தாள், தட்டில் வைத்த வாக்கிலேயே உள்ளே போகிறது. எழுத்தையும் கோட்டையும் 90 டிகிரி திருப்புவது மென்பொருள்தான். ஆகவே பிழையை மேக்ரோவில் தேட வேண்டும்.

முதலில் செக்ஷனை, அதாவது ஆவணத்தைப் பிரித்து வைத்த பகுதியை, பாருங்கள். வேர்டில் தாளின் வாக்கு பக்கத்துக்குச் சொந்தமல்ல, செக்ஷனுக்குச் சொந்தம். எந்த செக்ஷன் என்று சொல்லாமல் ஆவணம் முழுமைக்கும் கட்டளையிட்டால் அழைப்பும் சேர்ந்து படுக்கும். நடுவிலுள்ள பிரிப்புக் குறியான செக்ஷன் பிரேக்கை அழித்தாலும் அதே கதிதான்: மேலே உள்ள பகுதி, கீழே உள்ளதன் வாக்கை ஏற்றுக்கொள்ளும்.

அடுத்தது வரிசை. வேர்டில் வாக்கை மாற்றினால் அகலமும் உயரமும் இடம் மாறும். ஓர இடைவெளிகளும் சுழலும். எனவே வாக்கை முதலில் மாற்றி, ஓரங்களை அதன்பின் அமைக்க வேண்டும். வேர்டுக்குப் பதில் லிப்ரே ஆபீஸ் மென்பொருளைப் பயன்படுத்தினால், அதன் மேக்ரோவில் லேண்ட்ஸ்கேப் என்று குறித்தால் மட்டும் போதாது; அகலத்தையும் உயரத்தையும் நாமே மாற்றித் தர வேண்டும்.

மூன்றாவது அவசரம். வேர்ட் பின்னணியில் அச்சிட்டுக்கொண்டிருக்கும்போதே மேக்ரோ அடுத்த வரிக்குப் போய், தாளைப் பழைய வாக்குக்கு மாற்றிவிடலாம். அச்சுக் கட்டளையில் பின்னணி அச்சை நிறுத்திவிட்டால், அச்சுக்கு அனுப்பி முடியும்வரை மேக்ரோ காத்திருக்கும்.

நூறு பிரதி எடுக்குமுன் ஆவணத்தின் நகலில் மேக்ரோவை ஓட்டி, பிடிஎஃப் ஆக்கிப் பாருங்கள். செக்ஷன், வரிசை, காத்திருப்பு மூன்றும் சரியாக இருந்தால் அழைப்பு நிமிர்ந்தும் அட்டவணை படுத்தும் வரும்.