உங்களுக்குத் தெரியுமா? சீனரின் குளிர்கால நியமம்

சீன வைத்தியத்தின் ஆதி கிரந்தமாகிய ‘ஹுவாங்டி நெய்ஜிங்’, நீர் உறைந்து நிலம் வெடிக்கும் குளிர்காலத்தில் மனிதன் சீக்கிரம் உறங்கி, சூரிய வெளிச்சம் பரவிய பின்னரே எழ வேண்டுமென்றும், வியர்வை சிந்தித் தேகத்தின் உஷ்ணத்தை விரயம் செய்தலாகாதென்றும் விதிக்கிறது. அதிகாலையில் எழுவதையே எக்காலத்துக்கும் உரிய ஆரோக்கிய நியமமாகக் கொண்ட நமக்கு இது வியப்பளிக்கலாம்.

அதனினும் சுவையானது அவர்களுடைய ஆட்டிறைச்சிச் சூப். சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த சாங் சோங்ஜிங் என்னும் மகா வைத்தியர், குளிரினால் வரும் வயிற்றுவலிக்கென, கொத்துமல்லிக் குடும்பத்தைச் சேர்ந்த டாங்குய் வேர் 3 லியாங் (லியாங் என்பது சீன எடையளவு), இஞ்சி 5 லியாங், 16 லியாங் கொண்ட ஒரு ஜின் ஆட்டிறைச்சி ஆகியவற்றை நீரிலிட்டு, 8 பங்கு 3 பங்காகச் சுண்டக் காய்ச்சி, தினம் மும்முறை வெதுவெதுப்பாக அருந்தச் சொன்னார். மருந்தும் போஜனமும் ஒன்றாகிவிட்ட இந்தச் சூப், டிசம்பர் 21 அல்லது 22-இல் வரும் தோங்ஜி என்னும் குளிர்காலக் கதிர்த்திருப்ப நாளையொட்டி இன்றும் சீன இல்லங்கள் பலவற்றில் கொதிக்கிறது.

ஆயினும் டாங்குய், வார்ஃபரின் போன்ற இரத்த உறைவைத் தடுக்கும் மருந்துகளின் வேகத்தை மிகுவிக்கக்கூடுமாதலால், அவற்றை உட்கொள்வோரும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேளாமல் அவ்வேரைத் தொடவே வேண்டாம்.