ஐம்பதாயிரம் அடிச் சுருள்

கோட்டையூர்க்காரரான ஏ.கே. செட்டியார் ஒளிப்படக் கலை கற்க 1930களில் டோக்கியோவுக்குப் போனார், அங்கிருந்து நியூயார்க்குக்கு. 1937 அக்டோபர் 2, காந்தி பிறந்த நாள். நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குப் போகும் கப்பலில் காந்தியைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்கும் எண்ணம் அவருக்கு உதித்தது. முப்பது ஆண்டுகளில் சுமார் நூறு பேர் எடுத்திருந்த காட்சிகளைக் கண்டம் கண்டமாகத் தேடி 50,000 அடிச் சுருள் சேர்த்தார். அதிலிருந்து 12,000 அடியைத் தேர்ந்து 1940 ஆகஸ்டில் தமிழில் வெளியிட்டார்.

35 மி.மீ. சுருள் இன்றைய வேகத்தில் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். அந்தக் கணக்கில் அவர் சேர்த்தது மொத்தம் ஒன்பதே கால் மணி நேரக் காட்சி. திருவண்ணாமலை கிரிவலப் பாதையிலுள்ள அடி அண்ணாமலையிலிருந்து வந்து சென்னையில் என்னிடம் ஆவணப்பட வரலாறும் கோட்பாடும் படிக்கும் மாணவி, இரண்டு பௌர்ணமி இரவுகளில் தன் கைபேசியிலேயே அந்த அளவைத் தாண்டிவிட்டாள். செட்டியாருக்கு ஒவ்வொரு அடியும் ஒரு கடிதம், ஓர் அனுமதி, ஒரு காத்திருப்பு. எந்தக் காட்சி யாரிடமிருந்து வந்தது என்பது அவருக்குத் தெரியும். இவளோ, "என்னென்ன எடுத்தேன்னே ஞாபகம் இல்ல சார், போட்டுப் பாத்தாத்தான் தெரியும்" என்கிறாள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் தேர்ந்தெடுக்கும் வேலை படம் எடுப்பதற்கு முன்னால் இருந்தது. இப்போது எடுத்து முடித்த பின்னால் போய்விட்டது. கோட்பாடு படிக்கிறவர்கள் இந்த இடமாற்றத்தைப் பற்றி இன்னும் நிறைய யோசிக்க வேண்டும்.

இன்னொரு விந்தை. உலக ஆவணப்படங்கள் எல்லாம் அவள் கைக்குள் இருக்கின்றன. செட்டியாரின் 1940ஆம் ஆண்டுத் தமிழ்ப் படம் மட்டும் பார்க்கக் கிடைப்பதில்லை. அதை எடுத்த கதையை ஆ.இரா. வேங்கடாசலபதி பதிப்பித்த ‘அண்ணல் அடிச்சுவட்டில்’ நூலில் படித்துத்தான் எங்கள் வகுப்பு தெரிந்துகொள்கிறது.

நான் படித்த 1990களில் எல்லாப் படங்களும் எங்களுக்கு அப்படித்தான் இருந்தன. லயோலா கல்லூரியில் காட்சித் தொடர்பியல் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. ‘விஸ்காம்’ என்று சொன்னால் வீட்டில் யாருக்கும் புரியாது. பில் நிக்கோல்ஸ் 1991இல் எழுதிய ‘ரெப்ரசென்டிங் ரியாலிட்டி’ நூலில் ஒரே ஓர் அத்தியாயத்தின் ஜெராக்ஸ் வகுப்பில் கைமாறிக்கொண்டிருந்தது. விளக்கும் படம், அவதானிக்கும் படம், ஊடாடும் படம், தன்னையே கேள்வி கேட்கும் படம் என்ற நான்கு வகைகளையும் மனப்பாடமாகச் சொல்வோம். அவர் உதாரணம் காட்டும் படங்களில் பெரும்பாலானவற்றைப் பார்த்ததில்லை. பார்க்காத படத்தைப் பற்றி மணிக்கணக்கில் சண்டை போட்டிருக்கிறோம். மாக்ஸ்முல்லர் பவனிலோ அலியான்ஸ் பிரான்சேஸிலோ ஒரு படம் போடுகிறார்கள் என்றால் பஸ் பிடித்துப் போவோம். அந்த மாலையைத் தவறவிட்டால் படமும் போனதுதான்.

ராபர்ட் ஃபிளாகர்ட்டியின் ‘நானூக் ஆஃப் தி நார்த்’ 1922இல் வந்தது. நாங்கள் பார்த்தது நகலின் நகலாக வந்த ஒரு விஎச்எஸ் கேசட். பனியும் முகமும் ஒரே வெளுப்பாகத் தெரியும். குடும்பம் பனிவீட்டுக்குள் தூங்கி எழும் காட்சியைப் படமாக்க அந்த வீட்டின் ஒரு பக்கத்தைத் திறந்து வைத்தார்கள், அந்தக் காலத்துக் கேமராவுக்கு உள்ளே வெளிச்சம் போதவில்லை என்று ஆசிரியர் சொன்னார். எழுதிக்கொண்டோம். என் மாணவி அதே படத்தை ரயிலில் பார்த்தாள். 2024 மே முதல் சென்னைக் கடற்கரை ரயில் திருவண்ணாமலை வரை போவதால், மாலையில் ஏறி நள்ளிரவை ஒட்டி இறங்குகிறாள். திங்கட்கிழமை வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி: "சார், பனி வீட்டுக்குள்ள அவ்வளவு வெளிச்சம் எங்கேருந்து வருது?" நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி ஓட்டிப் பார்த்திருக்கிறாள். எங்களுக்குக் குறிப்பாக வந்த உண்மையை அவள் கண்ணாலேயே பிடித்துவிட்டாள். இதைவிடப் பெரிய லாபம் ஒரு படிப்புக்கு இருக்க முடியாது.

நட்டம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு படத்தை முதலிலிருந்து கடைசி வரை நிறுத்தாமல் பார்த்தவர்கள் என்று கேட்டால் வகுப்பில் சில கைகள்தான் உயர்கின்றன. துண்டு துண்டாக, ஒன்றரை மடங்கு வேகத்தில், நடுவே வந்த செய்திக்குப் பதில் போட்டபடி பார்க்கிறார்கள். அவதானிப்புப் படம் என்பதே பார்ப்பவரின் பொறுமையை நம்பி எடுக்கப்படுவது. வேகத்தைக் கூட்டினால் அது வேறு படமாகிவிடும்.

பொறுமையைக் கட்டாயமாக்கிய காலமும் ஒன்று இருந்தது. 1948இல் தொடங்கிய ஃபிலிம்ஸ் டிவிஷனின் படத்தை ஒவ்வொரு தியேட்டரும் காட்சிக்கு முன்னால் போட வேண்டும் என்பது உரிமத்தின் நிபந்தனை. டூரிங் டாக்கீஸில் ‘நியூஸ் ரீல்’ முடியும்வரை வெளியே பீடி பிடித்துக்கொண்டு நிற்பவர்கள் உண்டு. அதே நிறுவனத்தில்தான் 1967இல் எஸ்.என்.எஸ். சாஸ்திரி ‘ஐ ஆம் ட்வென்டி’யையும், 1968இல் பிரமோத் பதி ‘எக்ஸ்ப்ளோர’ரையும் எடுத்தார்கள். 2022இல் ஃபிலிம்ஸ் டிவிஷன் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது. அதன் பழைய படங்கள் பல யூடியூபில் இருக்கின்றன. அன்று விரும்பாத கூட்டத்துக்கு வலிந்து காட்டிய படங்களை இன்று விரும்பித் தேடுகிற சிலர் மட்டும் பார்க்கிறார்கள்.

கோட்பாடு என் மாணவிக்கு உண்மையில் பிடிபட்டது அவள் ஊருக்குப் பக்கத்திலேயே எடுக்கப்பட்ட சில பழைய காட்சிகளால். இந்தியாவுக்குச் சினிமா வந்து, பம்பாய் வாட்சன் ஓட்டலில் லூமியேர் படங்கள் காட்டப்பட்டது 1896 ஜூலை 7. வேங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையன் திருவண்ணாமலையில் வந்து இறங்கியது அதே ஆண்டு செப்டம்பர் 1. பின்னாளில் ரமணரான அவரை 1930களிலும் 40களிலும் அன்பர்கள் சிறு கேமராக்களில் எடுத்த காட்சிகள் இன்றும் இருக்கின்றன. ‘லைஃப்’ பத்திரிகைக்காக ஒளிப்படக்காரர் எலியட் எலிசோஃபன் வந்தார். 1950 ஏப்ரல் 14 அன்று ரமணர் மறைந்தபோது ஹென்றி கார்த்தியே-பிரேஸ்ஸோன் அங்கே இருந்தார். ஆனால் அசையும் படங்கள் எல்லாம் ஊமைப் படங்கள். ரமணரின் குரல் பதிவு செய்யப்படவே இல்லை. 1926 வாக்கிலேயே அவர் கிரிவலம் வருவதை நிறுத்திவிட்டதால், கேமராக்கள் வந்த காலத்தில் அவர் அடி அண்ணாமலைப் பாதையில் நடக்கவும் இல்லை.

பின்னால் வந்த ஆவணப்படங்கள் அந்த ஊமைக் காட்சிகளின்மேல் ஆங்கில விவரணையை ஏற்றின. முகம் தெரியாத ஒரு குரல் மேலிருந்து எல்லாவற்றையும் விளக்குவதைத்தான் கோட்பாட்டில் கடவுள் குரல் என்கிறோம். என் மாணவி ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்தாள். ரமணருக்குப் பின்னால் நடந்துபோகிறவர்கள், ஓரமாக நிற்கிற பெண்கள், இவர்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். "இவங்கள்லாம் எங்க பக்கத்து ஆளுங்களா இருக்கும் சார். பேரு யாருக்கும் தெரியாதுல்ல?" பேசில் ரைட்டின் ‘சாங் ஆஃப் சிலோன்’ (1934) படத்தை நடத்தும்போதும் வகுப்பு இதே இடத்தில்தான் நின்றது. தேயிலை கிள்ளும் பெண்கள் திரையில் இருக்கிறார்கள். கேட்பதோ ராபர்ட் நாக்ஸ் 1681இல் எழுதியதை லயனல் வென்ட் படிக்கும் குரல். அழகான படம்தான். அந்தப் பெண்களின் பேச்சு அதில் இல்லை.

என் காலத்துப் பாடத்தில் தமிழ்ப் படம் ஒன்றுகூட இல்லை. இப்போது நான் தாமிரபரணிப் படுகொலை பற்றிய ஆர்.ஆர். சீனிவாசனின் ‘நதியின் மரணம்’ காட்டுகிறேன். மதுரையில் அமுதன் எடுத்த ‘பீ’ (2003), திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ (2017) காட்டுகிறேன். ‘கக்கூஸ்’ படத்தை அரங்குகளில் திரையிடத் தடைகள் வந்தன; அது யூடியூபில் ஏறி எங்கெங்கோ போய்ச் சேர்ந்தது. ஜெராக்ஸ் அத்தியாயத்தை நம்பியிருந்த எங்களுக்கு இப்படி ஒரு வழி இருக்கும் என்று தோன்றியதே இல்லை. ஆனாலும் மாணவர்கள் இந்தப் படங்களைப் பற்றித் தேர்வில் ஆங்கிலத்தில்தான் எழுதுகிறார்கள். கோட்பாட்டைத் தமிழில் நிதானமாகச் சொல்லும் பாடநூல் ஒன்று இன்னும் நம் கையில் இல்லை. இது என் தலைமுறை ஆசிரியர்கள் செய்திருக்க வேண்டிய வேலை.

மாணவி தன் இறுதிப் படத்துக்கு எடுத்துக்கொண்டிருப்பது அவள் ஆயாவை. பௌர்ணமி தோறும் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கானோர் நடக்கிறார்கள். ஆயா ஓரத்தில் பூக்கூடையோடு உட்கார்ந்திருக்கிறார். முதல் நாள் கேமராவைப் பார்த்ததும் ஆயா சொன்னது அப்படியே பதிவாகியிருக்கிறது: "இன்னாத்துக்கு பாப்பா என்னைய எடுக்கற? மலையை எடு, சாமியை எடு. வர்ற வெள்ளக்காரன்லாம் அதத்தானே எடுக்கறான்." பிறகு கேமராவை மறந்துவிட்டார். நூலை வாயில் கடித்து அறுப்பது, முழம் போடும்போது கை தெரிந்தவர்களுக்கு மட்டும் சற்று நீள்வது, அதிகாலையில் மீந்த பூவின்மேல் தண்ணீர் தெளித்து ஈரத்துணி மூடுவது எல்லாம் வந்திருக்கிறது. உட்காரும் இடத்துக்காகப் பக்கத்துக் கடைக்காரியோடு நடந்த வாய்ச்சண்டையும் வந்திருக்கிறது.

எடுத்ததை அவள் ஆயாவுக்குப் போட்டுக் காட்டினாள். ஊமைச் சுருள்களின் ஓரத்தில் நின்றவர்களுக்கு யாரும் இப்படிக் காட்டிக் கேட்டிருக்கமாட்டார்கள். ஆயா சிரித்துக்கொண்டே பார்த்தார். சண்டை வந்த இடத்தில் மட்டும், "அத்த எடுத்துடு பாப்பா. நாளைக்கும் அவ பக்கத்துலதானே நானு உக்காரணும்" என்றார். மாணவிக்கோ அந்த நான்கு நிமிடந்தான் படத்தின் உயிர். அந்தப் பாதையில் பிழைப்பு எப்படி நடக்கிறது என்பது வேறெங்கும் அவ்வளவு தெளிவாக இல்லை. என்னிடம் கேட்டாள். நிக்கோல்ஸ் பின்னால் ஆறாக விரித்த வகைகளில் எதிலும் இதற்கு விடை கிடையாது. நான் என் கருத்தைச் சொன்னேன்: ஆயா கேட்டால் அதை நீக்கிவிட வேண்டும். அவள் தலையாட்டவில்லை. பக்கத்துக் கடைக்காரியிடமும் படத்தைக் காட்டிக் கேட்கப்போவதாகச் சொல்லிவிட்டு ஊருக்குப் போயிருக்கிறாள்.