சீனம் சென்ற ஐந்து வைத்தியர்கள்

1938-ஆம் வருஷத்தில் பாரத தேசத்துக்குச் சொந்தமாக ஒரு படை கிடையாது. பிற நாட்டுக்குத் தூதரை அனுப்பும் உரிமைகூட வெள்ளைக்காரர் கையில்தான் இருந்தது. அத்தகைய காலத்தில் நமது காங்கிரஸ் மகாசபை, அயல்நாடு ஒன்றின் துயர் தீர்க்க வைத்தியர்களை அனுப்பிற்று என்பது இன்று நினைத்தாலும் வியப்பாயிருக்கிறது.

ஜப்பானியர் 1937 ஜூலையில் சீனத்தின்மீது பாய்ந்தனர். சீனத் தளபதி சூ தே, ஜவஹர்லால் நேருவுக்குக் கடிதம் எழுதி வைத்திய உதவி கோரினார். காங்கிரஸ் அக்கிராசனராயிருந்த சுபாஷ் சந்திர போஸ் ஜனங்களிடம் நிதி கேட்டார். சுமார் 22,000 ரூபாய் சேர்ந்தது. செப்டம்பர் 1938-இல் ஐவர் பம்பாயில் கப்பலேறினர். தலைவர் டாக்டர் அடல். ஸ்பெயின் யுத்தத்தில் காயம்பட்டோருக்குச் சேவை செய்து அனுபவப்பட்டவர். மற்றவர் சோல்கர், வஸு, முகர்ஜி, சோலாப்பூர்வாசியான துவாரகாநாத் கோட்னிஸ். கோட்னிஸுக்கு அப்போது இருபத்தெட்டு வயதுகூட நிறையவில்லை.

சீனர்கள் ஐவருக்கும் தங்கள் பாஷையில் பெயர் சூட்டி, ஒவ்வொன்றின் ஈற்றிலும் 'ஹுவா' என்ற சொல்லைச் சேர்த்தார்கள். ஹுவா என்றால் சீனம். கோட்னிஸ் 'கே டி-ஹுவா' ஆனார்.

யெனான் செல்லுமுன்பே தந்தை காலமான செய்தி அவருக்கு எட்டியது. ஊர் திரும்பியிருந்தால் யார்தான் குறை கூறியிருப்பார்கள்? அவர் திரும்பவில்லை.

வட சீனத்து மலைகளில் ஆஸ்பத்திரி என்பது குடியானவர் வீடுதான். பகைவர் நெருங்கினால் மருந்தும் கருவியும் கோவேறு கழுதை மீதேறி அடுத்த கிராமம் சேரும். காயம்பட்டவனை வெகுதூரம் சுமந்து வருவதற்குள் புண் சீழ் பிடித்துவிடும். ஆகையால் ரண வைத்தியரே போர்முனையை அடுத்துச் செல்லவேண்டும். இம்முறையை அங்கே நிலைநாட்டிய கனடா தேசத்து நார்மன் பெத்யூன், சிகிச்சையின்போது விரலில் பட்ட வெட்டு விஷமேறி 1939 நவம்பரில் மாண்டார். அவர் பெயரால் விளங்கிய சமாதான ஆஸ்பத்திரிக்கு 1941-இல் கோட்னிஸ் தலைவரானார். 1940-ஆம் வருஷத்துப் போர் ஒன்றில் 72 மணி நேரம் கண்ணுறங்காமல் அவர் சிகிச்சை செய்தாரென்று சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாய்த் தோன்றுவது, அவர் சீன பாஷை கற்று, அந்தப் பாஷையிலேயே அவ்வூர் இளைஞருக்கு வைத்தியம் போதித்ததுதான். வைத்தியர் போய்விடுவார், வித்தை தங்கும்.

சோல்கரும் முகர்ஜியும் அடலும் முன்னரே தாயகம் திரும்பினர். வஸு 1943-இல் திரும்பினார். அவர்களைக் குறைவாக எண்ணுவது அநியாயம். ஒப்புக்கொண்ட சேவையைச் செய்துவிட்டே வந்தார்கள். கோட்னிஸ் 1941-இல் அவ்வாஸ்பத்திரியில் தாதித் தொழில் கற்பித்த குவோ சிங்லானை மணந்தார். 1942 ஆகஸ்டில் ஆண் குழந்தை பிறந்தது.

காக்காய் வலிப்பு அவரைப் பலமுறை தாக்கிற்று. ஆயினும் வேலையை விடவில்லை. 1942 டிசம்பர் 9-ஆம் தேதி, முப்பத்திரண்டாம் வயதில், அந்நோயினாலேயே உயிர் நீத்தார். சாந்தாராம் 1946-இல் எடுத்த படத்தின் மூலம் இக்கதை நம் வீடுகளுக்கு வந்தது.

தகப்பன் இறக்கும்போது குழந்தைக்கு நாலு மாதம் நிறையவில்லை. அதற்கு இட்ட பெயர் 'யின் ஹுவா'. யின் என்றால் இந்தியா.