சித்திரை வெயிலும் கூலியுழைப்பும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே சித்திரையில் ஒருமுறையும் ஆவணியில் மறுமுறையும் ஞாயிறு உச்சிக்கு நேரே வருகிறது. எனினும் வெப்பமானி காட்டும் அளவினை மட்டும் கொண்டு ஆபத்தினை மதிப்பிடுதல் தவறாகும். கடல் சூழ்ந்த இந்நிலத்தின் காற்றில் ஈரம் மிகுதி. சோளகம் வலுப்பெறுமுன் காற்று ஓய்ந்திருக்கும் நாட்களில் வியர்வை உலர்வதில்லை. உலராது வழிந்தோடும் வியர்வை உடலுக்கு நட்டமேயன்றிக் குளிர்ச்சியன்று.

நண்பகலையும் வேனிலையும் பாலைக்குரிய பொழுதுகளாக வகுத்த இலக்கண மரபினை நாம் நன்கு கற்பிக்கிறோம். அந்த நண்பகலில் மண்வெட்டி பிடிப்பவர் யார் என்ற வினாவை அரிதாகவே எழுப்புகிறோம்.

மிகுந்த வியர்வை, தலையிடி, தசைப்பிடிப்பு, ஓங்காளம் ஆகியன வெப்பக் களைப்பின் அறிகுறிகள். நிழலிற் படுக்கவைத்து, ஜீவனிக் கரைசலோ உப்பிட்ட மோரோ சிறிது சிறிதாகக் கொடுத்தால் பெரும்பாலானோர் தெளிவர். பேச்சுத் தடுமாறி, ஆளை அறியாது, மயங்கி விழுவாராயின் அது வெப்பத்தாக்கு. உடல்வெப்பம் 40 பாகை செல்சியசைக் கடந்திருக்கும். வியர்வை நின்றால்தான் வெப்பத்தாக்கு என்று கருதுவது பிழை. வேலைக்களத்தில் வீழ்பவரின் உடல் வியர்வையில் நனைந்தேயிருக்கலாம். 1990 இலக்கத்துக்கு அறிவித்ததும், வாகனம் வரும்வரை காத்திராது, தோட்டக் கிணற்று நீரை உடலெங்கும் ஊற்றி விசிறவேண்டும். மயங்கியவரின் வாயில் எதனையும் ஊற்றலாகாது. பனடோல் குளிசை இங்கு உதவாது.

தடுப்பு பற்றிய அறிவுரைகளே நம்மைக் கூடுதலாகச் சிந்திக்க வைக்கின்றன. உச்சிவெயிலில் வெளியே செல்லாதீர் என்பது தம் பொழுதினைத் தாமே ஆள்வோர்க்கு உரியது. சொந்தத் தோட்டக்காரர் விடியலில் இறைத்து, வெயில் ஏறுமுன் வீடு திரும்பலாம். செம்பாட்டு மண்ணில் நாட்கூலிக்கு வெங்காயம் கிண்டுபவருக்கும், மேசனின் கையாளுக்கும், ஆனையிறவு உப்பளத் தொழிலாளிக்கும் அத்தெரிவு இல்லை. அளவுக்கேற்பக் கூலி பெறுவோர்க்கு ஓய்வென்பது வருமான இழப்பு. மலசலகூடமற்ற வேலைக்களங்களிற் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே தவிர்க்கின்றனர். வெயிலுக்கு உடல் பழக ஒன்றிரண்டு வாரங்கள் வேண்டும். ஆயினும் புதிதாக வருபவர் முதல் நாளே முழுவேலை செய்ய வேண்டியுள்ளது.

நிக்கராகுவாவின் கரும்புத் தோட்டங்களில் வெப்பமும் நீரிழப்பும் தொழிலாளரின் சிறுநீரகங்களைப் பாதித்தமை ஆராயப்பட்டுள்ளது. நிழல், நீர், ஓய்வு ஆகியன ஒழுங்குசெய்யப்பட்டபின் பாதிப்புக் குறைந்தமையும் பதிவாகியுள்ளது. நமது தோட்டங்களில் இவற்றைச் செய்வதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை: ஓலைக்கொட்டில் ஒன்று, குடிநீர்க் குடம், மலசலகூடம், விடியலில் தொடங்கும் வேலைநேரம், நண்பகல் ஓய்வு. அந்த ஓய்வுக்கான கூலியை யார் கொடுப்பது என்பதிலேயே இணக்கம் இல்லை.