12.5% ஹைக்குக்கு வேலை மாறலாமா? ஆஃபர் லெட்டரைத் திறந்து ஒரு கணக்கு

‘மச்சி, ஆஃபர் வந்துருச்சு. பன்னிரண்டரை பர்சன்ட் ஹைக். போலாமா, வேணாமா?’

நெருங்கிய நண்பர்களிடம் மட்டும் கேட்கப்படும் கேள்வி இது. 40, 50 சதவீதம் ஏறினால் பெரும்பாலும் யாரும் யோசிப்பதில்லை. 3, 4 சதவீதம் என்றால் யாரும் கிளம்புவதில்லை. நடுவில் 10 முதல் 15 சதவீதம் என்று வரும் ஆஃபர்தான் தூக்கத்தைக் கெடுக்கிறது. விட்டால் ‘சான்ஸை விட்டுட்டோமோ’ என்று உறுத்தும். போனால் ‘இதுக்காகவா வந்தோம்’ என்று தோன்றும்.

எல்லோருக்கும் பொருந்தும் ஒரே பதில் இதற்குக் கிடையாது. ஆனால் உங்களுக்கான பதிலைக் கண்டுபிடிக்க வழி உண்டு. சதவீதத்தைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு, ஆஃபர் லெட்டரோடு வரும் சம்பள அட்டவணையை எடுத்துக்கொண்டு உட்கார வேண்டும். ஒரு உதாரணத்தோடு பார்ப்போம்.

சிடிசி ஏறுது, சம்பளம் இறங்குது!

குரோம்பேட்டையில் குடியிருந்து, கிண்டியில் வேலை பார்க்கும் 27 வயது ஊழியர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். இப்போது ஆண்டு சிடிசி 7.20 லட்சம். சிறுசேரியில் இருந்து 8.10 லட்சத்துக்கு ஆஃபர் வந்திருக்கிறது. ஆண்டுக்கு 90,000 ரூபாய் கூடுதல். அதாவது மாதம் 7,500 ரூபாய் அதிகம் என்று மனது கணக்குப் போடும். அது தப்புக் கணக்கு.

பழைய கம்பெனியில் மாதம் 60,000 ரூபாய் சிடிசி. அடிப்படைச் சம்பளம் 30,000. பி.எஃப்.புக்கு 15,000 ரூபாய் உச்சவரம்பை வைத்து, கம்பெனி பங்கு 1,800, ஊழியர் பங்கு 1,800 பிடிக்கிறார்கள். கிராஜுவிட்டிக்கு என்று 1,443 ரூபாயையும் சிடிசியில் சேர்த்திருக்கிறார்கள். எல்லாம் போக வங்கிக் கணக்குக்கு வருவது சுமார் 54,950 ரூபாய்.

புதிய கம்பெனியின் 8.10 லட்சத்தில் 60,000 ரூபாய் ‘வேரியபிள் பே’. குழு மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் 12,000 ரூபாயும் சிடிசிக்குள் இருக்கிறது. மிச்சம் 7.38 லட்சம், மாதம் 61,500. அங்கே முழு அடிப்படைச் சம்பளத்துக்கும் 12 சதவீதம் பி.எஃப். பிடிப்பார்கள். அடிப்படைச் சம்பளம் 30,750 என்றால் கம்பெனி பங்கு 3,690, ஊழியர் பங்கு 3,690. கிராஜுவிட்டிக்கு 1,479. கையில் வருவது சுமார் 52,650 ரூபாய்.

ஆக, சிடிசி 90,000 ஏறியிருக்கிறது. மாதச் சம்பளம் 2,300 ரூபாய் குறைந்திருக்கிறது!

பதற வேண்டாம். பி.எஃப்.பில் போகும் பணம் உங்கள் பணம்தான். இரண்டு பங்கும் சேர்த்து மாதம் 3,780 ரூபாய் கூடுதலாகச் சேருகிறது. கையில் குறைந்த 2,300-ஐக் கழித்தால் நிகர லாபம் மாதம் சுமார் 1,480 ரூபாய். வேரியபிள் முழுசாக வந்தால் ஆண்டுக்கு இன்னும் 60,000. வருமா என்பதுதான் கேள்வி. ‘கடந்த 2 வருஷம் இந்த டீமுக்கு வேரியபிள் எத்தனை சதவீதம் கொடுத்தீங்க?’ என்று எச்.ஆரிடம் நேராகக் கேட்கலாம். தப்பே இல்லை.

வருமான வரியைப் பொறுத்தவரை இவருக்கு மாற்றம் இல்லை. 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறையில், நிலையான கழிவு 75,000 ரூபாயையும் சேர்த்து, 12.75 லட்சம் வரை சம்பளம் வாங்குபவருக்கு வரி கிடையாது. உங்கள் சம்பளம் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தால், ஹைக்கில் ஒரு பகுதி வரிக்குப் போகும். அதையும் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

பாதியில் விட்டுவிட்டு வரும் பணம்

பலரும் மறக்கும் இடம் இது. நம் உதாரண ஊழியர் பழைய கம்பெனியில் சேர்ந்து 4 ஆண்டு 3 மாதம் ஆகிறது.

1972-ம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் கொண்டுவந்த 5 ஆண்டு விதி, 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் நிரந்தர ஊழியர்களுக்குத் தொடர்கிறது. குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டவர்களுக்கு மட்டும் ஓராண்டு போதும் என்று மாறியிருக்கிறது.

கணக்கு இதுதான்: கடைசி மாத அடிப்படைச் சம்பளத்தை 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, பணியாற்றிய ஆண்டுகளால் பெருக்க வேண்டும். 30,000 ரூபாய்க்கு 5 ஆண்டுக்கு 86,538 ரூபாய். இதற்கு வரியும் இல்லை.

புதிய வேலை தருவதாகச் சொல்லும் முதல் ஆண்டு உயர்வு மொத்தமும் 90,000. இப்போதே ராஜினாமா செய்தால் கிட்டத்தட்ட அதே அளவு பணத்தை மேசையிலேயே வைத்துவிட்டு எழுந்து வருகிறார்.

இங்கே இன்னொரு விஷயமும் உண்டு. ஐந்தாம் ஆண்டில் 240 நாள் பணி முடித்திருந்தால் அதை முழு ஆண்டாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அதாவது ஏறக்குறைய 4 ஆண்டு 8 மாதம். நோட்டீஸ் பீரியடும் பணிக்காலத்தில் சேரும். இவர் இன்று பேப்பர் போட்டால், 90 நாள் நோட்டீஸ் முடியும்போது 4 ஆண்டு 6 மாதம். இரண்டு மாதம் தள்ளிப் போட்டால் அந்தக் கோட்டைத் தாண்டிவிடுவார். ஆனால் சில கம்பெனிகள் 5 ஆண்டு முழுசாக வேண்டும் என்று அடம்பிடிக்கும். அதனால் உங்கள் எச்.ஆர். என்ன சொல்கிறது என்பதை மெயிலில் எழுத்துப்பூர்வமாக வாங்கிவிட்டுத் தேதியை முடிவு செய்வது நல்லது.

நீங்கள் சேர்ந்து ஒன்றரை வருடம்தான் ஆகிறது என்றால் இந்தக் கவலை உங்களுக்கு இல்லை. அப்போது பார்க்க வேண்டியது அப்ரைசல். ஏப்ரலில் பழைய இடத்திலேயே 8 சதவீதம் வரும் என்றால், 7.20 லட்சம் 7.77 லட்சம் ஆகிவிடும். ஆஃபரோடு வித்தியாசம் 90,000 இல்லை, சுமார் 32,000-தான். புதிய இடத்தில் ஆண்டின் பின்பாதியில் சேருபவர்களுக்கு அடுத்த அப்ரைசல் கிடையாது என்று விதி இருக்கிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

நேரத்துக்கும் விலை உண்டு

குரோம்பேட்டையில் மின்சார ரயில் ஏறினால் கிண்டி. வீட்டில் இருந்து அலுவலகம் போக 40 நிமிடம். சிறுசேரிக்கு பைக்கில், மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாக ஒருவழி சுமார் 25 கிலோமீட்டர். காலை டிராஃபிக்கில் 75 நிமிடமாவது பிடிக்கும்.

பைக் லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடி, பெட்ரோல் 100 ரூபாய் என்றால், மாதம் 22 நாளுக்கு சுமார் 2,450 ரூபாய். மேலே பார்த்த நிகர லாபம் 1,480-ஐ இதுவே விழுங்கிவிடுகிறது. பணத்தை விடுங்கள். ஒரு நாளைக்கு 70 நிமிடம் கூடுதல் என்றால் மாதம் சுமார் 25 மணி நேரம். 8 மணி நேர வேலை நாள் கணக்கில் மூன்று நாள் சாலையிலேயே போகிறது. வாரத்தில் எத்தனை நாள் அலுவலகம் வர வேண்டும் என்பது, அதனால்தான், சம்பளம் பற்றிய கேள்வியும்கூட.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

• பெற்றோருக்கும் மருத்துவக் காப்பீடு உண்டா? பழைய கம்பெனியின் குழுக் காப்பீடு பொதுவாகக் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். அப்பாவுக்கு சர்க்கரை, அம்மாவுக்கு பிரஷர் இருக்கும் வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை.

• வேரியபிளில் பாதியையாவது நிலையான சம்பளமாக மாற்ற முடியுமா? சிடிசியை ஏற்றச் சொல்வதைவிட இதற்குச் சம்மதம் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

• ஜாயினிங் போனஸ் தருகிறார்கள் என்றால், ஓராண்டுக்குள் விலகினால் திருப்பிக் கட்ட வேண்டுமா?

• புரொபேஷன் எத்தனை மாதம்? அந்தக் காலத்தில் அவர்கள் உங்களை அனுப்ப எத்தனை நாள் நோட்டீஸ் தருவார்கள்?

• பி.எஃப். பணத்தை எடுத்துவிடாதீர்கள். அதே யு.ஏ.என். எண்ணில் புதிய கணக்குக்கு மாற்றுங்கள். மாற்றினால் பழைய பணிக்காலமும் சேரும். மொத்தம் 5 ஆண்டு ஆவதற்குள் எடுத்தால் அந்தப் பணத்துக்கு வரி வரும்.

சம்பளம் ஏறவே இல்லைன்னா?

கணக்கெல்லாம் முடிந்த பிறகும் மனம் ஊசலாடினால், இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: ‘இதே சம்பளத்துக்குக் கூப்பிட்டிருந்தா இந்த வேலைக்குப் போயிருப்பேனா?’

போயிருப்பேன் என்றால் தயங்க வேண்டாம். இப்போது இருக்கும் பிராஜெக்ட் முடியப்போகிறது, இரண்டு வருடமாகப் புதிதாக ஒன்றும் கற்கவில்லை, சம்பளம் தேதிக்கு வருவதில்லை, மேனேஜர் முகத்தை நினைத்தாலே ஞாயிறு மாலை கனக்கிறது... இவை எல்லாம் வேலை மாற நியாயமான காரணங்கள். அப்படிப்பட்டவருக்கு 12.5 சதவீதம் கூடுதல் போனஸ் மாதிரி. ஹைக் இல்லாமல் போனாலும் அவருக்கு அது நல்ல முடிவுதான்.

போயிருக்க மாட்டேன் என்றால், உங்களை இழுப்பது அந்த ஹைக் மட்டும்தான். அப்போது அந்த ஹைக் நிஜமாகவே கைக்கு வருகிறதா என்பது முழு முடிவையும் தீர்மானிக்கும். நம் உதாரணத்தில் வரவில்லை.

அதற்காக அவர் ‘நோ’ சொல்லிவிட வேண்டியதில்லை. சேரும் தேதியை இரண்டு மாதம் தள்ளித் தரச் சொல்லலாம். 60,000 வேரியபிளை நிலையான சம்பளத்துக்கு மாற்றச் சொல்லலாம். வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருந்து வேலை என்று ஆஃபர் லெட்டரிலேயே எழுதச் சொல்லலாம். மூன்றில் இரண்டு கிடைத்தால் கணக்கு மாறிவிடும். ஒன்றும் கிடைக்காவிட்டால், இன்னும் சில மாதம் கிண்டியிலேயே இருந்து, கிராஜுவிட்டிக் காலத்தை முடித்துவிட்டு அடுத்த ஆஃபரைத் தேடலாம். அந்த 86,538 ரூபாய் அதுவரை எங்கும் ஓடிவிடாது.