தொழிற்கல்லூரி மாணாக்கரின் கருத்தும் மனநிறைவும்

பதின்மூன்றாம் நூற்றாண்டிலே பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், நல்லாசிரியனுக்கு நிலத்தையும் மலையையும் நிறைகோலையும் மலரையும் உவமையாக்குகின்றது. ஆசிரியனாகத் தகாதானுக்கும் அது நான்கு உவமைகள் வைத்துள்ளது. கழற்காய் பெய்த குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு என்பன அவை. குடத்திலே காய்களை இட்ட முறை ஒன்று. கவிழ்க்குங்கால் அவை வெளிவரும் முறை பிறிதொன்று. கற்ற வரிசையிலே கற்பிக்க அறியாதவன் அக்குடம் போல்வான். மடற்பனை தானாகக் கனியை வீழ்த்தினாலன்றித் தன்னை அணுகிப் பறிக்க எவரையும் விடாது. குண்டிகையில் அடைத்த பருத்தியோ வருந்தி இழுத்தாலும் சிறிது சிறிதாகவே வரும். முடத்தெங்குக்கு நீர் வார்ப்பவன் ஒருவன். அது காய் வீழ்த்துவது அயலான் வளவில்.

இந்நான்கு குற்றங்களையும் கண்டறிய வல்லவர் யாவர்? அதிபர் வகுப்பறை வாயிலில் நிற்கும் பொழுது எந்தக் குடமும் ஒழுங்காகவே கவிழும். மேற்பார்வை அதிகாரி வருவது ஆண்டில் ஓரிரு நாள். நாள்தோறும் எதிரில் இருக்கும் மாணாக்கன் ஒருவனே அறிவான். ஆயினும் அதே பாயிரம் அவனை ஓவியப் பாவைபோல் அடங்கியிருந்து கேட்கவும் பணிக்கின்றது. அடக்கம் கல்விக்கு வேண்டுவதே, ஐயமில்லை. ஆனால் பாவை வாய்திறவாது. அதன் உள்ளத்திலுள்ளதை அறியும் வழியை நிறுவனந்தான் அமைத்துக்கொள்ளல் வேண்டும்.

தொழிற்கல்லூரிகளில் இத்தேவை பள்ளிக்கூடத்தினும் பெரிது. வீரமுனையிலும் அயலூர்களிலும் உயர்தரப் பரீட்சை எழுதிப் பல்கலைக்கழக வாய்ப்புப் பெறாத இளைஞர்க்குச் சம்மாந்துறைத் தொழில்நுட்பக் கல்லூரியும், கல்லோயாத் திட்டக் காலத்தில் தோன்றிய அம்பாறை ஹார்டி நிறுவனமும் போன்றனவே அடுத்த படி. 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின்வழி அமைந்த மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு இத்தகைய பயிற்சி நிலையங்களைப் பதிவுசெய்கின்றது. தேசிய தொழிற் தகைமை ஏழு மட்டங்களாக வகுக்கப்பட்டுள்ளது. ஏட்டில் ஒழுங்கு உண்டு. எனினும் பள்ளி மாணவனைப் பெற்றோர் கட்டாயப்படுத்தி அனுப்புவர். தொழிற் பயிலுநனையோ எவரும் கட்டாயப்படுத்துவதில்லை. அவனுக்குக் குறையிருப்பின் முறையிடுவதில்லை; வாராது நின்றுவிடுகின்றான். சில நாள் வயல்வேலை, சில நாள் கடைவேலை, பின்னர் வளைகுடா நாடு. இடாப்பில் அவன் பெயர்மேல் ஒரு கோடு விழும். ஏன் சென்றான் என்று கேட்டவர் இலர். ‘சேர் கோபிப்பார்’ என்ற அச்சத்தாலும் மரியாதையாலும் அவனும் சொல்லிச் சென்றிலன். மனநிறைவு பற்றிய பேச்சு வெறும் உபசாரம் அன்று என்பதற்கு அந்தக் கோடே சான்று.

மாணாக்கரிடம் ஆசிரியரைப் பற்றி வினவும் முறை புதியதன்று. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்திலே ரெம்மர்ஸ் என்பார் 1920களிலேயே அதற்கு அளவுப்படிவம் வகுத்தார். இந்தியாவில் தேசிய மதிப்பீட்டு, தரச்சான்றுக் குழு 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தில் மாணவர் மனநிறைவு ஆய்வைத் தரமதிப்பீட்டின் ஓர் உறுப்பாக்கிற்று. அதன் வினாக்கள் 21. அவற்றுள் 20 தெரிவுவிடைக்குரியன, ஒன்று மாணவன் தன் சொல்லில் எழுதுவதற்குரியது. உண்மை பெரும்பாலும் அந்த ஒன்றிலேதான் கிடக்கும்.

ஆனால் மனநிறைவும் கல்வியும் ஒன்றெனக் கொள்ளுதல் பெரும் பிழை. அமெரிக்க விமானப்படைக் கல்லூரியிலே மாணவரை ஆசிரியர்களிடம் குலுக்கல் முறையிற் பகிர்ந்தளிக்கும் வழக்கம் உண்டு. அதனைப் பயன்படுத்திக் காரெல், வெஸ்ட் என்னும் இருவர் 2010இல் வெளியிட்ட ஆய்வு வியப்பிற்குரியது. அப்போதைய பாடத்தில் நல்ல புள்ளி பெறச்செய்து மாணவரின் பாராட்டையும் பெற்ற ஆசிரியர்களிடம் கணிதம் பயின்றோர், அடுத்த நிலைப் பாடங்களிலே பின்தங்கினர். 2019இல் ஹாவர்ட் பல்கலைக்கழக இயற்பியல் வகுப்புகளில் நிகழ்ந்த மற்றோர் ஆய்வில், தாமே கூடிச் செய்து கற்ற மாணவர் மிகுதியாகக் கற்றனர். ஆயினும் இனிய விரிவுரை கேட்டோரினும் தாம் குறைவாகக் கற்றதாகவே எண்ணினர். முயற்சியின் களைப்பை அவர்கள் அறியாமை என்று மயங்கினர் போலும். நன்னூலார் இதனைக் கேட்டால் வியந்திரார். ஆசான் உரைத்ததைச் செவ்வையாகக் கொண்டாலும் காற்பங்கே பற்றும், உடன்பயில்வாரோடு பயில்வதில் ஒரு காற்பங்கு, பிறர்க்கு உரைப்பதில் எஞ்சிய இரு கால் என்று அவர் கணக்கிட்டுள்ளார்.

ஆகலின் ‘உமக்கு மனநிறைவு உண்டா?’ என்று வினவுவதாற் பயன் சிறிது. ஆம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பேருந்தைப் பிடிக்க ஓடுவான். மாணவன் கண்ணாற் கண்டதையும் கையாற் செய்ததையும் கேட்டல் வேண்டும். இந்த வாரம் எத்தனை மணிநேரம் பட்டறையிற் கழிந்தது? கடைசல் இயந்திரத்தை எத்தனை பேர் பகிர்ந்தீர்? வெல்டிங் செய்பவரை நின்று பார்த்தீரா, நீரே செய்தீரா? பாடம் வரிசையாக வந்ததா? ஐயம் கேட்க அணுக முடிந்ததா? கவனம் சிலர்க்கே சென்றதா? கடைசி மூன்றும் குடமும் பனையும் தெங்குமேயன்றி வேறல்ல. உயர் தொழில்நுட்பவியல் நிறுவகங்களின் உயர் தேசிய டிப்ளோமாப் பாடநெறிகள் ஆங்கிலத்தில் நிகழ்வன என்பதற்காகப் படிவமும் ஆங்கிலத்தில் இருத்தல் வேண்டா. குறையைச் சொல்லும் பொழுது இலக்கணப் பிழைக்கு அஞ்சுபவன் குறையையே சொல்லாதொழிவான்.

பாடநெறி முடியும் நாளிற் படிவம் கொடுத்தல் இந்நாட்டிற் பெருவழக்கு. அன்று சொல்வது அடுத்த அணிக்கு உதவலாம், சொன்னவனுக்கு உதவாது. நாலாம் அல்லது ஐந்தாம் வாரத்திலே கேட்டலே நன்று. பதினைந்து பேருள்ள வகுப்பிற் பெயரெழுதாவிடினும் கையெழுத்து ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். இதற்கு வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜோசப் கிளார்க் வகுத்த முறை ஏற்றது. ஆசிரியர் வெளியே சென்றுவிட, வேறொருவர் வந்து மாணவரைச் சிறு குழுக்களாக இருத்தி, கற்க உதவுவது யாது, மாற்றவேண்டுவது யாது என்று கேட்பார். குழு உடன்பட்டவற்றையே எழுதி ஆசிரியரிடம் சேர்ப்பார். தனியொருவன் சினம் அதில் அடங்கும். தனியொருவன் அச்சமும் அகலும். செலவு அரைமணி நேரமும் ஒரு தாளும்.

அதன்பின் செய்வதே முதன்மையானது. பெரிதும் கைவிடப்படுவதும் அதுவே. அடுத்த வகுப்பிலேயே ஆசிரியர், ‘நீங்கள் கூறியவற்றுள் இவற்றை மாற்றுகின்றோம், இவற்றை மாற்ற இயலாது, காரணம் இது’ என்று உரைத்தல் வேண்டும். புதிய இயந்திரம் வாங்குதல் திணைக்களத்தின் கையில். பட்டறைத் திறப்பை எட்டு மணிக்கே கொணர்தல் கல்லூரியின் கையில். இரண்டையும் பிரித்துச் சொன்னால் மாணவர் புரிந்துகொள்வர். சொல்லாது படிவத்தை அலுமாரியிற் பூட்டினால் அடுத்தமுறை எல்லாப் படிவத்திலும் ‘நன்று’ என்றே இருக்கும். அந்த ‘நன்று’ மேலிடத்துக்குப் புள்ளிவிபரமாகவும் செல்லும்.

தொழிற்கல்வியின் பயனை மாணவன் வேலைத்தளத்திலேதான் முழுதும் அறிகின்றான். எனவே வெளியேறியோரைத் தொடர்ந்து அறியும் ஆய்வு தேவை. சர்வதேசத் தொழில் தாபனமும் அதற்கு வழிகாட்டி நூல் வெளியிட்டுள்ளது. ஆறு திங்கள் கழித்து, கற்ற தொழிலையே செய்கின்றீரா, எது கற்பிக்கப்படவில்லை என வேலைகொடுத்தார் சொன்னார் என்னும் இரு வினாக்கள் போதும். கடல்கடந்து சென்றவன் தொலைபேசி எண் மாறிவிடும். ஆதலின் சேரும் நாளிலேயே ஊரிலிருக்கும் உறவினர் ஒருவரின் எண்ணையும் அவர் சம்மதத்தோடு பதிந்துவைத்தல் வேண்டும்.